கணவருக்கு ஹெபடைட்டிஸ் சி... மனைவிக்கும் வருமா?

ரத்த தானம் செய்தவருக்குச் சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன் வந்தால், அது பெரும்பாலும் நன்றி சொல்வதற்காக இருக்காது. அந்த போனைப் போடுகிற வேலை என்னுடையது. தென் மாவட்டத்து ரத்த வங்கி ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். "ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போங்க சார், ஒரு டெஸ்ட்டைத் திரும்பப் பார்க்கணும்." இதற்கு மேல் போனில் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேசவும் கூடாது. மறுமுனையில் ஸ்பீக்கரைப் போட்டுக் குடும்பமே கேட்டுக்கொண்டிருக்கலாம்.

தானமாக வரும் ஒவ்வொரு பை ரத்தத்திலும் ஐந்து நோய்களுக்குப் பரிசோதனை செய்கிறோம். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ் என்ற மேகநோய், மலேரியா. மேல்சிகிச்சைக்கு நான் எழுதிக்கொடுக்கும் படிவத்தில் இந்த ஐந்து பெயரும் வரிசையாக அச்சாகியிருக்கும். எது இருக்கிறதோ அதற்கு நேராக ஒரு டிக். இந்தப் படிவம்தான் எனக்குத் தீராத தலைவலி. எச்.ஐ.வி.க்குக் கீழே, சிபிலிசுக்கு மேலே ஒரு டிக் விழுந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? டிக் எந்தப் பெயருக்கு நேராக இருக்கிறது என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் இருக்கும் பெயர்களைப் படித்துவிட்டுப் புருஷன் முகத்தைப் பார்ப்பார்கள்.

அப்படி ஒரு லாரி டிரைவர் வந்தார். மைத்துனரின் ஆபரேஷனுக்காக ரத்தம் கொடுத்தவர். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். கூடவே மனைவியும் வந்திருந்தார். அறைக்குள் வந்து உட்கார்ந்ததுமே அந்தம்மா ஆரம்பித்துவிட்டார்.

"யக்கா, மறைக்காமச் சொல்லுங்க. போன எடத்துல வாங்கிட்டு வந்ததுதான இது?"

அவர் வாயே திறக்கவில்லை. லாரி ஓட்டுகிறவர்கள் என்றால் நம் ஊர் மட்டுமல்ல, எங்கள் துறையே ஒரு முத்திரை வைத்திருந்தது. எச்.ஐ.வி. விழிப்புணர்வு நோட்டீஸ் எல்லாவற்றிலும் ஒரு காலத்தில் லாரி டிரைவர் படம்தான் போட்டார்கள். அந்தப் பாவம் இன்னும் அவர்கள் தலையில் இருக்கிறது.

நான் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "எப்பவாவது உங்களுக்கு ரத்தம் ஏத்தியிருக்காங்களா?" அவர் யோசித்தார். மனைவிதான் பதில் சொன்னார். கல்யாணத்துக்கு முந்தின வருஷம், 1997-ல், மகாராஷ்டிரப் பக்கம் வண்டி கவிழ்ந்து தொடை எலும்பு முறிந்து, அங்கேயே ஏதோ ஓர் ஊரில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியதாக மாமியார் சொல்லக் கேட்டிருக்கிறாராம்.

இந்தியாவில் எல்லா ரத்த வங்கிகளும் ஹெபடைட்டிஸ் சி பரிசோதனையைக் கட்டாயமாகச் செய்யத் தொடங்கியது 2000-க்குப் பிறகுதான். அதற்கு முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் எல்லோருமே, பரிசோதிக்காத ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் என்று வைத்துக்கொள்வதுதான் உத்தமம். இதைச் சொன்னதும் அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த கேள்வியை அந்தம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அப்ப எனக்கும் வந்துருக்குமாக்கா?"

இருபது வருஷத்துக்கும் மேற்பட்ட தாம்பத்தியம். இரண்டு பிள்ளைகள். ஒருநாள்கூட ஆணுறை உபயோகித்ததில்லை. அவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்தோம். மூவருக்கும் இல்லை.

இது அதிசயம் இல்லை. எதிர்பார்த்ததுதான். இதே கேள்வியை எடுத்துக்கொண்டு உலகத்தில் பெரிய ஆய்வுகளே நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் வட கலிபோர்னியாவில் மருத்துவர் நோரா டெரால்ட் தலைமையிலான குழு, ஒருவருக்கு மட்டும் ஹெபடைட்டிஸ் சி இருப்பது தெரியவந்த 500 தம்பதிகளை ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டது. யாருக்கும் எச்.ஐ.வி. கிடையாது. நீண்ட காலம் ஒருவரோடு ஒருவர் மட்டும் வாழ்ந்தவர்கள். அந்த 500 பேரின் துணைகளைப் பரிசோதித்தபோது 20 பேருக்கு ஹெபடைட்டிஸ் சி தொற்றிய அடையாளம் இருந்தது. சாதாரணமாகப் பார்த்தால், 'ஆகா, 20 பேருக்குக் கணவன் மனைவி உறவில் பரவிவிட்டது' என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் அங்கே நிறுத்தவில்லை. இருவர் உடம்பிலும் இருப்பது ஒரே வகை வைரஸா என்று பார்த்தார்கள். 9 ஜோடிகளில் வகை ஒத்துப்போனது. மரபணு வரிசையை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டபோது, ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போயிருக்கும் என்று சொல்லத்தக்க நெருக்கம் 3 ஜோடிகளில் மட்டுமே தெரிந்தது.

500-ல் 3. அந்த மூன்றும் உறவினால்தான் வந்தது என்றே வைத்துக்கொண்டு அவர்கள் போட்ட அதிகபட்சக் கணக்கு, ஆண்டுக்கு 0.07 சதவீதம். அதாவது பத்தாயிரம் தம்பதிகள் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தால் ஏழு பேருக்குத் தொற்றலாம். உறவுக் கணக்கில் சொன்னால் சுமார் 1,90,000 முறைக்கு ஒரு முறை. அந்த மூன்று ஜோடிகளும் ஒரே ஷேவிங் பிளேடைப் பயன்படுத்தியிருந்தால் கதை வேறு. அதை யார் கண்டது?

இத்தாலியில் இன்னொரு ஆய்வு. 2004-ல் வெளிவந்தது. 895 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லோருமே ஹெபடைட்டிஸ் சி உள்ளவரின் வாழ்க்கைத் துணை. ஆணுறை உபயோகிக்காதவர்கள். ஆசனவாய் உறவோ மாதவிடாய் நாட்களில் உறவோ இல்லை என்று சொன்னவர்கள். பத்தாண்டுகளில் மூன்று பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது. வைரஸை ஒப்பிட்டுப் பார்த்தால் மூன்றுமே துணையிடமிருந்து வந்தவை அல்ல. ஆக, அந்த ஆய்வில் கணவன் மனைவி உறவால் பரவியதாக உறுதியானது ஒன்றுகூட இல்லை.

இந்த எண்களை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். 'பயப்படாதீங்க' என்று நூறு முறை சொன்னாலும் கேட்காத மாமியார்கள்கூட, '895 பேர், பத்து வருஷம்' என்றால் கொஞ்சம் அடங்குகிறார்கள்.

ஏன் இவ்வளவு குறைவு? ஹெபடைட்டிஸ் சி ரத்தத்தில் வாழ்ந்து, கல்லீரலில் பெருகுகிற வைரஸ். விந்திலும் பெண்ணுறுப்பின் சுரப்பிலும் சில சமயம் அதன் தடயம் கிடைக்கும். ஆனால் அளவு மிகச் சொற்பம். காயமில்லாத சவ்வைத் தாண்டி இன்னொருவரின் ரத்த ஓட்டத்துக்குள் போய்ச் சேர்வது அதற்கு எளிதில்லை. இதன் பெயர்க்காரனான ஹெபடைட்டிஸ் பி அப்படியல்ல. அது உடலுறவால் தாராளமாகப் பரவும். இரண்டும் ஒன்றென்று நினைத்துக்கொள்வதால் வருகிற குழப்பம் பாதி. பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, சி-க்கு இன்னும் இல்லை. பி வந்து நாள்பட்டுத் தங்கிவிட்டால் முழுவதும் ஒழிப்பது கடினம். சி-யை மாத்திரையிலேயே ஒழித்துவிடலாம். குணத்தில் இவ்வளவு வித்தியாசம் உள்ள இரண்டுக்கும் நம் ஜனங்கள் கொடுக்கிற மருந்து மட்டும் ஒன்றுதான்: கீழாநெல்லி. அதைக் குடித்துக்கொண்டே பல வருஷம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹெபடைட்டிஸ் சி அதற்கெல்லாம் அசைந்துகொடுக்காது.

சரி, உறவால் பரவுவது இவ்வளவு அரிது என்றால், கணவன் மனைவி இருவருக்குமே இருக்கிற வீடுகள் ஏன் இருக்கின்றன? இந்தக் கேள்வியில்தான் குடும்பங்கள் உடைகின்றன.

ஒரு விவசாயத் தம்பதி. முதலில் கணவருக்குத் தெரிந்தது. மனைவிக்கும் பார்த்தோம், அவருக்கும் இருந்தது. உடனே பஞ்சாயத்து. பையன் வீட்டார் பெண்ணையும் பெண் வீட்டார் பையனையும் சொல்ல, அறுபது வயதை நெருங்கிய இரண்டு பேரையும் ஆளுக்கொரு பக்கம் உட்காரவைத்து விசாரணை. நான் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் ஒரே ஆளைச் சொன்னார்கள். பக்கத்து ஊரில் ஒருத்தர், படிக்காத 'டாக்டர்'. மூட்டுவலிக்கு அவர் ஊசிதான் கேட்குமாம். சந்தை நாளில் வரிசையில் நின்று போட்டுக்கொள்வார்களாம். எத்தனை பேருக்கு ஒரே ஊசி என்று அந்த மனிதருக்கே தெரியாது. வருஷக்கணக்காக ஒரே வரிசையில் நின்று கையை நீட்டிய இருவருக்கும் ஒரே நோய் வந்தால், அதைப் படுக்கையறைக் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை என்று நினைத்த தலைமுறை நம்முடையது. என் சின்ன வயதில் எங்கள் தெரு டாக்டர் கண்ணாடி சிரிஞ்சைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொதிக்கவைப்பார். கூட்டம் அதிகமானால் கொதிக்கிற நேரம் குறையும். அவரைக் குறை சொல்லவில்லை. அப்போது ஹெபடைட்டிஸ் சி என்றொரு வைரஸ் இருப்பதே உலகத்துக்குத் தெரியாது. ரத்தம் ஏற்றியவர்களுக்கு ஏ-யும் இல்லாத, பி-யும் இல்லாத ஏதோ ஒரு காமாலை வருகிறது என்று அமெரிக்க மருத்துவர் ஹார்வி ஆல்டர் 1970-களில் காட்டினார். அது இன்ன வைரஸ்தான் என்று மைக்கேல் ஹாட்டன் குழுவினர் கண்டுபிடித்து அறிவித்தது 1989-ல். அந்த வைரஸ் மட்டுமே நோயை உண்டாக்கப் போதும் என்று பிறகு நிரூபித்தவர் சார்லஸ் ரைஸ். மூவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஊசியால் ஒரு தேசமே பாதிக்கப்பட்ட கதை எகிப்தில் நடந்தது. நைல் கரையில் நத்தைகள் மூலம் பரவும் ஒரு புழுநோயை ஒழிக்க, 1950-களிலிருந்து 1980-கள் வரை அரசே கிராமம் கிராமமாக ஊசி மருந்து கொடுத்தது. புழு குறைந்தது. சரியாகச் சுத்தம் செய்யாத ஊசிகள் வழியே ஹெபடைட்டிஸ் சி ஏறியது. உலகத்திலேயே இந்த நோய் மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனது. அதே அரசு 2018-ல் ஒரு பெரிய இயக்கம் தொடங்கி ஏழே மாதத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேரைப் பரிசோதித்து, நோய் இருந்தவர்களுக்கு மருந்தும் கொடுத்தது. அங்கே எத்தனை லட்சம் வீடுகளில் கணவன் மனைவி இருவருக்கும் இருந்திருக்கும்! ஒழுக்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இவ்வளவு சொல்வதால், உறவால் இது பரவவே பரவாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பரவும் சூழ்நிலைகள் இருக்கின்றன. அவற்றைக் கூச்சப்படாமல் சொல்லத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

ஒருநாள் ஒரு தம்பி, ரத்தம் கொடுத்த நண்பனோடு துணைக்கு வந்தவர், நண்பனை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார். "மேடம், நீங்க கணவன் மனைவின்னே சொல்றீங்க. எனக்கு இருக்கறவர் ஆண். எங்களுக்கு என்ன கணக்கு?"

நல்ல கேள்வி. அந்த 0.07 சதவீதம் அவருக்குப் பொருந்தாது என்று சொன்னேன். 2000-ம் ஆண்டை ஒட்டி லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், சிட்னி போன்ற நகரங்களில், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே, முக்கியமாக எச்.ஐ.வி. உள்ளவர்களிடையே, ஹெபடைட்டிஸ் சி உறவின் மூலமே பரவுவது தெரியவந்தது. ஊசியே தொடாதவர்களுக்கும் வந்தது. காரணம், ஆசனவாயின் உட்சவ்வு மென்மையானது, எளிதில் கிழிந்து ரத்தம் கசியும். ஒரே சமயத்தில் பலர் சேர்வது, போதைப் பொருள் எடுத்துக்கொண்டு வலி தெரியாமல் நீண்ட நேரம் உறவில் இருப்பது, கூடவே சிபிலிஸ் போன்ற புண் உண்டாக்கும் நோய் இருப்பது, இவையெல்லாம் சேரும்போது வைரஸுக்கு வேண்டிய ரத்த வழி திறந்துவிடுகிறது. எச்.ஐ.வி. இருந்தால் ஹெபடைட்டிஸ் சி வைரஸின் அளவும் கூடும்.

அந்தத் தம்பியிடம் நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஆண், பெண் என்பது வைரஸுக்குக் கணக்கில்லை. ரத்தம் வருமா வராதா என்பதுதான் கணக்கு. பலரோடு உறவு உள்ளவர்கள், புதிதாக ஒருவரோடு பழகத் தொடங்கியவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், ஆசனவாய் உறவு கொள்பவர்கள், எல்லோருக்கும் ஆணுறை அவசியம். எச்.ஐ.வி. உள்ளவர்களும் பலரோடு உறவு உள்ளவர்களும் ஒருமுறை பார்த்ததோடு விடாமல் அவ்வப்போது ஹெபடைட்டிஸ் சி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. நெதர்லாந்தில் 2015-ல் புதிய மாத்திரைகளைத் தடையில்லாமல் எல்லோருக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். எச்.ஐ.வி. உள்ள ஆண்களிடையே புதிதாக வரும் ஹெபடைட்டிஸ் சி 2014-ல் இருந்ததைவிட 2016-ல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. குணமானவரிடமிருந்து யாருக்கும் பரவாது. துணையைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி இல்லை.

ஒருவருக்கொருவர் மட்டுமே என்று வாழும் தம்பதிகளில் ஒருவருக்கு ஹெபடைட்டிஸ் சி இருந்தால், அதற்காக உறவு முறையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்பதுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிலைப்பாடும். நான் கூடுதலாக ஒன்று சொல்வேன். மாதவிடாய் நாட்களிலும், யாருக்காவது பிறப்புறுப்பில் புண்ணோ காயமோ இருக்கும்போதும் ஆணுறை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது சில நாள் பொறுத்திருங்கள். சிகிச்சை முடியும்வரை எப்போதுமே ஆணுறை போட்டுக்கொண்டால்தான் மனசு நிம்மதி என்றால், அதுவும் நல்லதுதான். ஆனால் பாயைத் தனியாக எடுத்துப் போடுவதும், தட்டு டம்ளரைத் தனியாக வைப்பதும் வேண்டாம். ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கட்டிப்பிடித்தாலும், முத்தம் கொடுத்தாலும், இருமினாலும், கொசு கடித்தாலும் ஹெபடைட்டிஸ் சி வராது.

வீட்டில் உண்மையில் தனியாக வைக்க வேண்டியவை வேறு. ஷேவிங் ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி. பிரஷ்ஷில் ஈறு ரத்தம் ஒட்டியிருக்கும். நகவெட்டியில் சதை ரத்தம் ஒட்டியிருக்கும். காய்ந்த ரத்தத் துளியிலும் இந்த வைரஸ் பல நாள், சில சமயம் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், விரலில் குத்திப் பார்க்கும் ஊசியையும் இன்சுலின் ஊசியையும் ஒருவருடையதை ஒருவர் தொடவே கூடாது. 'ரெண்டு பேருக்கும் சுகர்தானே' என்று ஒரே ஊசியில் பார்த்துக்கொள்ளும் தம்பதிகள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், படுக்கையைவிட அந்தச் சின்ன ஊசிதான் ஆபத்து. வெளியே என்றால், சலூனில் புது பிளேடு மாட்டச் சொல்வதும், திருவிழாக் கடையில் பச்சை குத்திக்கொள்ளாமல் இருப்பதும்.

இப்போது அந்த ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். ரத்த வங்கியில் நாங்கள் பார்ப்பது வைரஸை அல்ல, வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை. ஒரு பையும் தப்பிவிடக் கூடாது என்பதால் எங்கள் பரிசோதனை கொஞ்சம் அதிகமாகவே சந்தேகப்படும். நோயே இல்லாதவருக்கும் சில நேரம் பாசிட்டிவ் காட்டும். நோய் வந்தவர்களிலும் 15 முதல் 45 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் மருந்தில்லாமலே வைரஸ் போய்விடும். எதிர்ப்பொருள் மட்டும் ரத்தத்தில் தங்கிவிடும். அதனால் பாசிட்டிவ் என்றதும் அடுத்துச் செய்ய வேண்டியது ஆர்.என்.ஏ. பரிசோதனை. 'வைரல் லோடு' என்று கேட்டாலும் புரியும். அதில் வைரஸ் இருந்தால்தான் நோய் இருக்கிறது என்று பொருள். பல பேர் முதல் தாளோடு நின்றுவிடுகிறார்கள். சிலர் பயந்து, சிலர் வெட்கப்பட்டு. அந்தத் தாளையே சாட்சியாக வைத்து மகளைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோன அப்பாவையும் பார்த்திருக்கிறேன். ஆர்.என்.ஏ. பார்த்தபோது மருமகனுக்கு வைரஸே இல்லை.

துணைக்கும் பரிசோதனை செய்யத்தான் வேண்டும். தொற்று வந்த புதிதில் எதிர்ப்பொருள் தெரிய 8 முதல் 11 வாரம்வரை ஆகலாம். ஆர்.என்.ஏ. ஓரிரு வாரத்திலேயே தெரியும். எப்போது ஆபத்து நேர்ந்தது என்பதைப் பொறுத்து எதை, எப்போது பார்ப்பது என்று மருத்துவர் சொல்வார். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவர்களாக இருந்தால் இந்தச் சாக்கில் இருவரும் அதையும் போட்டுக்கொள்ளலாம்.

குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். கணவருக்கு மட்டும் இருந்தால் குழந்தைக்குப் பயமில்லை. தாய்க்கு ரத்தத்தில் வைரஸ் இருந்தால் நூறு குழந்தைகளில் ஐந்தாறு குழந்தைகளுக்குப் போகலாம். தாய்க்கு எச்.ஐ.வி.யும் இருந்தால் அது இன்னும் கூடும். ஆகவே கர்ப்பத்துக்கு முன்பே சிகிச்சை எடுத்து முடித்துவிடுவது நல்லது. தாய்ப்பால் கொடுக்கலாம். காம்பில் வெடிப்பு ஏற்பட்டு ரத்தம் வந்தால் மட்டும், ஆறும்வரை நிறுத்திவைக்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு எதிர்ப்பொருள் பரிசோதனையை உடனே செய்து அழுதுகொண்டு வருகிறவர்கள் உண்டு. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் ஒன்றரை வயதுவரை இருக்கலாம். அந்தச் சோதனைக்கு அவசரம் கூடாது.

சிகிச்சையைச் சொன்னால்தான் பலருக்கு முகம் தெளிகிறது. ஒரு காலத்தில் இதற்கு இன்டர்ஃபெரான் என்ற ஊசிதான். மாதக்கணக்கில் போட வேண்டும். காய்ச்சல், உடம்புவலி, மனச்சோர்வு என்று ஆளைப் படுக்கவைத்துவிடும். அவ்வளவு பட்டும் பலருக்குக் குணமாகாது. 2013 டிசம்பரில் சோஃபாஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 12 வாரத்துக்கு 84,000 டாலர் விலை வைத்தார்கள், ஒரு மாத்திரை ஆயிரம் டாலர்! 2015-ல் இந்திய மருந்து கம்பெனிகள் அதே மருந்தை உரிமம் பெற்றுத் தயாரித்து அதில் மிகச் சிறு பங்கு விலைக்கு விற்கத் தொடங்கின. 2018 ஜூலை 28-ல் மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பெரும்பாலோருக்கு 12 வாரம், தினமும் மாத்திரை, அவ்வளவுதான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிவிடுகிறது. மாத்திரை முடிந்து இன்னொரு 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. பார்த்து வைரஸ் இல்லையென்றால் நோய் போய்விட்டது என்று கணக்கு.

ஒரு எச்சரிக்கை. ஒருமுறை குணமானால் மறுபடி வராது என்று இல்லை. பழைய ஊசிக்காரரிடமே போனால் மறுபடி வரும். எதிர்ப்பொருள் வாழ்நாள் முழுக்க இருக்கலாம் என்பதால், வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்றுதான் காட்டும். குணமானதற்கான ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ரத்த தானம் மட்டும் இனிமேல் முடியாது. இதை நான் சொல்லும்போது வருத்தப்படுகிற நல்ல மனிதர்கள் நிறையப் பேர்.

சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் மோசம். இந்த வைரஸ் இருபது, முப்பது வருஷம் ஓசையில்லாமல் இருக்கும். காமாலைகூடக் காட்டாது. நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு இருபது ஆண்டுகளுக்குள் கல்லீரல் சுருக்கம் வரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாராயம் சேர்ந்தால் அது இன்னும் சீக்கிரம். நான் சொன்ன லாரி டிரைவருக்கும் கல்லீரல் தடிக்கத் தொடங்கியிருந்தது. பீடியும் குடியும் உண்டு அவருக்கு. குடியை விட்டுவிட்டார், பீடி இன்னும் இருக்கிறது. வைரஸ் போய்விட்டது.

அவர் மனைவி பிறகு ஒருமுறை வந்தபோது கேட்டார். "யக்கா, அப்ப எம்புருஷன் தங்கமானவருன்னு சொல்லுதீகளா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருக்கவும் கூடாது. ஹெபடைட்டிஸ் சி ரிப்போர்ட் கல்லீரலைப் பற்றிப் பேசும், கற்பைப் பற்றிப் பேசாது. ஒருவர் எங்கே போனார், யாரோடு இருந்தார் என்பதைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனையைப் பயன்படுத்துகிறவர்கள், தப்பான கருவியைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ரிப்போர்ட் வந்திருந்தால் இருவருமாகச் சேர்ந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். 2000-க்கு முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், ஊர் ஊசிக்காரரிடம் போய்ப் பழகியவர்கள், இவர்களெல்லாம் ரிப்போர்ட் வரும்வரை காத்திராமல் தாங்களே போய் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்.என்.ஏ. பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். அதில் வைரஸ் இருந்தால் மாத்திரையைத் தொடங்குங்கள். நடுவில் ஒருநாளும் விடாமல் சாப்பிட்டு முடியுங்கள்.